மழைநீர் பிடித்தால் சிறையா?

"அமெரிக்காவில் சொந்த வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்தாலே சிறை" என்ற செய்தி ஐப்பசி பிறந்தால் வாட்ஸாப்பில் வலம்வரத் தொடங்கிவிடும். ஆரெகன் மாநிலத்தில் ஒருவர் 2012-இல் முப்பது நாள் சிறைத் தண்டனை பெற்றதுதான் ஆதாரம்.

தண்டனை உண்மை. ஆனால் அவர் கூரைக்கடியில் வாளி வைத்தவர் அல்லர். நிலத்தில் கரை எழுப்பி மூன்று நீர்த்தேக்கங்கள் வைத்திருந்தார், மீன்கூட விட்டிருந்தார். தேங்கிய நீர் சுமார் 1.3 கோடி காலன். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் நாலாயிரம் நடை! அதே ஆரெகனில் கூரைநீரைப் பிடிக்க நீருரிமை அனுமதியே தேவையில்லை. டெக்ஸாஸில் மழைநீர்த் தொட்டிக்கு விற்பனை வரி கிடையாது.

கொலராடோவைப் பொறுத்தவரை இந்தச் செய்தியில் கொஞ்சம் உண்மை உண்டு. அங்கே நீண்டகாலம் தடை இருந்தது. முதலில் ஆற்றுநீரைப் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை என்பது அந்த மாநிலச் சட்டம். மேட்டில் இருப்பவர் மழையை மடக்கினால், பழைய உரிமை வைத்திருக்கும் கடைமடை விவசாயிக்கு ஆற்றில் என்ன வரும் என்று கேட்டார்கள். காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைக் கிறுக்குத்தனம் என்று தள்ள முடியாது.

கேள்வி நியாயம்தான், கணக்குதான் உதைத்தது. டக்ளஸ் கவுன்டியில் 2007-இல் நடந்த ஆய்வில், பெய்த மழையில் சராசரியாக 97 விழுக்காடு ஓடையை எட்டவே இல்லை என்று தெரிந்தது. ஆவியாகிவிடுகிறது, அல்லது செடிகொடிகள் குடித்துவிடுகின்றன. 2009-இல் சில கிணற்றுக்காரர்களுக்கும், 2016-இல் சாதாரண வீடுகளுக்கும் தடை தளர்ந்தது. இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன், அதாவது 416 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஐந்து மில்லிமீட்டர் மழைக்குள் இது நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் வழக்கம்போல் ஓடட்டும். பிடித்ததையும் தோட்டத்துக்கே ஊற்ற வேண்டும். பீப்பாயால் யாருக்கும் நீருரிமை வராது. கடைமடைக்குப் பாதிப்பு என்று நிரூபணமானால் நிறுத்தவும் சொல்லலாம். அடுத்தவன் பங்கைத் திருடுகிறோமோ என்ற அச்சத்துக்கு இதைவிட நாணயமான பதில் எனக்குத் தோன்றவில்லை.

அந்த வாட்ஸாப் செய்தியின் கடைசி வரியில்தான் விஷமம்: "அங்கே குற்றம், இங்கே கட்டாயம், யாரை ஏமாற்றுகிறார்கள்?" தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, நீரை நிலத்துக்குள் இறக்குவதே முதன்மை நோக்கம். நம் மொட்டைமாடி நீர் உறைகிணற்றில் இறங்கினால் பக்கத்து வீட்டுக் கிணறும் ஊறும். இதில் யார் பங்கு பறிபோகிறது?

இங்கே குறை இல்லாமலில்லை. பல வீடுகளில் குழாய் குழிவரை போகும். குழிக்குள் ஜல்லி சேறேறி அடைத்துக் கிடக்கும். மழைக்கு முன் அதை அள்ளிக் கழுவ ஓர் ஆளும் அரைநாளும் போதும். சட்டத்தைக் குறைசொல்கிறவர்கள் முதலில் அந்தக் குழியின் மூடியைத் திறந்து பார்க்கட்டும்.