ஃபிட்டா இருந்தா போதுமா? ராணுவத்தின் 'ஷேப்-1' கணக்கு என்ன?

எல்லைக்குப் போகும் வீரருக்குத் துப்பாக்கி மட்டும் தயாரா இருந்தா போதாது, உடம்பும் தயாரா இருக்கணும். இந்திய ராணுவம் அதை 'ஷேப்' என்று ஐந்தாகப் பிரித்து அளக்கிறது: மனநலம், செவித்திறன், கை கால்கள், உடல்திறன், பார்வை. ஐந்திலும் 1 என்றால் எங்கேயும் அனுப்பலாம்.

சிக்கல் எங்கே? தரம் குறைந்தால் பதவி உயர்வு பாதிக்கப்படலாம். அதனால முட்டி வலியையும் தூக்கமின்மையையும் மறைக்கத் தோணும். ஆனால் 15,000 அடிக்கு மேலே போக, மூன்று கட்டமாக 14 நாள் உடலைப் பழக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒருவர் மறைத்த நோய், கூட ரோந்து போறவங்களுக்கும் ஆபத்து.

சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனையில் தரம் உயர வழி இருக்கிறது. வலியைச் சொன்னவரை அந்த இடைவெளியில் தண்டிக்காமல் இருப்பதுதான் ராணுவம் செய்ய வேண்டிய முதல் வேலை.