படைவீரர் குடும்ப ஆவணங்கள்: மூலம் வீட்டில், படிமம் காப்பகத்தில்

சேலம், நாமக்கல் பக்கத்து ஊர்களில் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று பெயர் பெற்ற வீடுகளில் பெரும்பாலும் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, பதக்கம், நாலைந்து கடிதங்கள், ஒரு குழுப் புகைப்படம் ஆகியவை அதற்குள் கிடக்கும். இது தொலைந்தாலும் பட்டாளத்து ஆவண அலுவலகத்தில் இன்னொன்று இருக்கும் என்பது குடும்பங்களின் நம்பிக்கை. அது பாதிதான் சரி. ஓய்வூதியம் இல்லாமல் விலகியவரின் பணி ஆவணங்களைத் தரைப்படை விதிகள் 25 ஆண்டுகள்வரைதான் காக்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகு அவை அழிக்கப்படும். 'லாங் ரோல்' என்னும் நெடும்பதிவேட்டில் சில விவரங்கள் மட்டும் மிஞ்சும். இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்ந்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர். அவர்களைப் பொறுத்தவரை பெட்டியில் இருப்பது நகல் அல்ல, மூலம்.

ஆகவே மூலத்தாள் குடும்பத்திடமே இருக்க வேண்டும், அதன் படிமம் மட்டும் பொதுக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்பது இக்குறிப்பை வெளியிடும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. கண்காட்சிக்கோ ஆய்வுக்கோ மூலத்தை வாங்கிக்கொண்டு போவதை இவ்வமைப்பு ஏற்பதில்லை. வாரிசு இல்லாத வீடுகளும், வைத்துக் காக்க இயலாது என்று தாமாகவே சொல்லும் வீடுகளும் இதற்கு விலக்கு.

படிமம் எடுக்கும்போது எழுத்துள்ள பக்கங்களோடு அட்டை, வெற்றுப்பக்கம், உறையின் முத்திரை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 புள்ளி அளவு போதும்.

ஊர்ப்பெயர்க் குழப்பம் இந்த வட்டாரத்துக்கே உரியது. முதலாம் உலகப் போருக்குப் போன நாமக்கல் தாலுக்காக்காரரின் தாளில் 'திருச்சினாப்பள்ளி ஜில்லா' என்றிருந்தால் அது பிழையல்ல. 1910-இல் அந்தத் தாலுக்கா திருச்சியோடு சேர்க்கப்பட்டிருந்தது. பிறகு அது சேலத்துக்குத் திரும்பியதால் அடுத்த போருக்குப் போனவர் சேலம் ஜில்லாக்காரர். 1997 முதல் அதே ஊர் நாமக்கல் மாவட்டம். தர்மபுரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்த மாற்றம் 1965-இலேயே வந்துவிட்டது. பழைய தாளில் எதையும் அடித்துத் திருத்தக் கூடாது. இன்றைய முகவரியைத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தால் போதும்.

இங்கே ஆவணங்களுக்கு நேரும் பெரிய கேடு லேமினேஷன். பத்திரப்படுத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தில்தான் அதைச் செய்கிறார்கள். ஆனால் சூடும் பசையும் சேர்ந்து ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் பிரித்தெடுப்பது கடினம். அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைப்பதே சரி. ஸ்டேப்ளர் கம்பி, குண்டூசி, செல்லோடேப் ஆகாது. பழைய தாள்களில் காப்பியிங் பென்சில் எழுத்து இருக்கலாம். ஈரம் பட்டால் அது ஊதாவாகக் கரைந்து ஓடும். பரணும் ஆகாது. சேலத்துச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் காகிதம் அப்பளமாகிவிடும். மண்சுவரை ஒட்டி வைத்தால் கறையான். சுவடிக்கட்டுகளுக்கு வைத்ததுபோல வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடலாம். தாளின்மேல் எந்தப் பொடியையும் தூவக் கூடாது.

பதக்கத்தையும் ஆவணமாகவே கொள்ள வேண்டும். முதலாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வீரர்களுக்கு வெள்ளியிலும், உழைப்புப் படையினர் போன்றோருக்கு வெண்கலத்திலும் வழங்கப்பட்டது. அதன் விளிம்பில் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் வெள்ளி உருக்குவது எளிது. உருகியபின் அந்த விளிம்பு திரும்ப வராது. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினாலும் எழுத்து தேய்ந்துவிடும்.

தாள் காத்த குடும்பம் தன் வீரரைப் பற்றி மேலும் தேடுவதற்கும் வழி உண்டு. மதராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். வீரரின் படை எண் இல்லாமல் எழுதினால் பயன் குறைவு. இரு போர்களிலும் இறந்தவர்களின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் உண்டு. பஞ்சாபில் முதலாம் உலகப் போருக்குச் சேர்ந்த சுமார் 3,20,000 பேரின் பதிவேடுகள் 2021-இல் பொதுப்பார்வைக்கு வந்தன. லாகூர் அருங்காட்சியகத்தில் அந்தத் தாள்கள் பிழைத்துக் கிடந்ததால்தான் அது நடந்தது.

மனைவியின் பெயர்தான் அதிகம் சிக்கும் இடம். ஒரு தாளில் பாப்பாயி, இன்னொன்றில் பாப்பாத்தி, ஆதாரில் பாப்பம்மாள். குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நாளில் இந்த மூவரும் ஒருவர்தானா என்ற கேள்வி எழும். வீரர் உயிரோடு இருக்கும்போதே, பணி ஆவணத்தில் மாற்றங்களைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் ஆணை வழியே பெயரைத் திருத்துவதும், அந்த ஆணையின் பிரதியை மனைவியிடம் தருவதும் வேண்டும். பெட்டிச் சாவி மகனிடம் மட்டும் இருப்பதை இவ்வமைப்பு ஆதரிக்கவில்லை.

சிப்பாய், சமையற்காரர், உழைப்புப் படையினர், மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என எவருடைய தாளும் சமமே. தண்டனை பெற்றதைச் சொல்லும் தாளையும் கிழிக்கக் கூடாது. அதை வெளியிடுவதா என்பது குடும்பத்தின் முடிவு. ஓய்வூதிய ஆணை எண்ணும் வங்கிக் கணக்கும் தெரியும் பக்கங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவது மோசடிக்காரருக்கு வழிகாட்டுவதாகும். பொதுப் படிமத்தில் அவ்விடங்கள் மறைக்கப்பட வேண்டும். படை நடவடிக்கை வரைபடமோ குறியீட்டுத் தாளோ அகப்பட்டால் அது குடும்ப ஆவணம் ஆகாது. 1923-ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் நடப்பில் இருப்பதால், அதைப் படிமம் எடுக்காமல் உரிய ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு ஒப்படைப்பதே முறை.