கவுன்சிலிங் ரெக்கார்டிங்கும் எங்க வீட்டு டேப்லெட்டும்

வியாழக்கிழமைன்னா எங்க விவேக் நகர் எப்படி இருக்கும்னு பெங்களூர்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு கோவில் பக்கம் ஆட்டோகூட நகராது. தமிழ், கன்னடம், மலையாளம்னு கலந்துகட்டி ஒரு கூட்டம். பாவசங்கீர்த்தனத்துல மனசுல இருக்கறதைக் கொட்டிட்டு எழுந்து போறவங்களைப் பார்த்திருக்கேன். கேட்டவர் வாயைத் திறக்க மாட்டார்ங்கற ஒரே நம்பிக்கைதான்.

அந்த இடத்துல ஒரு ரெக்கார்டர் ஓடிக்கிட்டு இருந்தா? இந்தக் கேள்வி எனக்கு வந்ததுக்குக் காரணம், நானே பண்ணின ஒரு முட்டாள்தனம்.

வாரம் முழுக்க பொட்டி தட்டுற வேலை. ஆணி பிடுங்கி அலுத்துப்போய், சனி ஞாயிறுல கவுன்சிலிங் பயிற்சிக்குப் போறேன். அங்கே நாம பேசுறதை, வந்தவங்க சம்மதத்தோட ரெக்கார்ட் பண்ணி சூப்பர்வைசருக்குப் போட்டுக் காட்டணும். தமிழ்ல பேச ஆள் வேணும்னு கேட்ட ஒரு அக்காவை என்கிட்ட அனுப்பினாங்க. ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினேன். என் போனையே மேஜை மேல வெச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு பையன் டேப்லெட்ல பாட்டு தேடறப்ப புதுசா ஒரு ஃபைல் இருந்திருக்கு. தட்டிட்டான். ஹால் முழுக்க அந்த அக்காவோட அழுகை. போன்ல இருந்தது தானா கிளவுடுக்கு ஏறி, அங்கேர்ந்து டேப்லெட்டுக்கு இறங்கியிருக்கு. நான் பாய்ஞ்சு நிறுத்தறதுக்குள்ள தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்து, "இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே"ன்னாங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

ஃபைலுக்குப் பேர் வைக்கலை, வெறும் நம்பர்தான். என்ன பிரயோஜனம்? பேரை மறைக்கலாம், குரலையும் ஊர்ப் பேச்சையும் எப்படி மறைக்கிறது? நம்ம ஜனம் பக்கத்துப் பக்கத்துல இருக்கற ஏரியாவுல ஒரு வாக்கியம் கேட்டாலே ஆள் தெரிஞ்சுடும்.

அதனால ரெக்கார்டிங்கே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. 1940களோட தொடக்கத்துல அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துல கார்ல் ரோஜர்ஸ் இசைத்தட்டுலயே கவுன்சிலிங் பேச்சைப் பதிஞ்சார். எட்டு அமர்வு கொண்ட ஒரு முழு உரையாடலை 1942ல வந்த தன் புத்தகத்துல அப்படியே அச்சடிச்சார், வந்தவருக்கு ஹெர்பர்ட் பிரையன்னு புனைபேர் வெச்சு. கவுன்சிலர் எழுதற குறிப்புக்கும் உண்மையில நடந்ததுக்கும் எவ்வளவு தூரம்னு அப்பதான் தெரிய வந்தது. எனக்கும் அதே கதைதான். என் நோட்டுல 'பொறுமையாகக் கேட்டேன்'னு இருக்கு. ரெக்கார்டிங்ல, அவங்க பேச்சை நிறுத்தின ஒவ்வொரு தடவையும் நான் அட்வைஸ் மூட்டையை அவிழ்த்திருக்கேன். போட்டுக் கேட்காம இது எனக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது.

ஆனா ரோஜர்ஸோட தட்டு அலமாரியிலேர்ந்து தானா எழுந்து நடந்து போகாது. நம்ம ஃபைல் போகும். ஃபின்லாந்துல வாஸ்தாமோங்கற சிகிச்சை நிறுவனத்துக் குறிப்புகள் திருடு போய், 2020ல ஆயிரக்கணக்கான பேருக்கு 'பணம் கொடு, இல்லேன்னா வெளியிடுவேன்'னு நேரா மிரட்டல் மெயிலே வந்தது. அது வெறும் எழுத்துதான். குரலா இருந்தா?

நம்ம ஊர்ல 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தோட 23ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படறதை உரிமைன்னே சொல்லுது. பயிற்சியில இருக்கறவன் அதுக்குள்ள வருவானான்னு வக்கீல்கள் வாதாடட்டும். 2023ல நிறைவேறின தனிநபர் தரவுச் சட்டம், சம்மதம் கொடுக்கறது எவ்வளவு சுலபமோ திரும்ப வாங்கறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு சொல்லுது. என் ஃபார்ம் இங்கிலீஷ்ல இருந்தது. அந்த அக்கா படிக்காமலே கையெழுத்து போட்டாங்க. இலவசமா உதவி கிடைக்கிற இடத்துல 'முடியாது'ன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? அதுக்குப் பேர் சம்மதம் இல்லை, சங்கோஜம்.

என்னைக் கேட்டா, முதல்ல சொல்ல வேண்டிய வாக்கியமே "வேணாம்னாலும் இதே மாதிரி உங்களோட உட்கார்ந்து பேசுவேன்"தான். அதையும் தமிழ்ல சொல்லணும். சொந்த போன் கூடாது, நெட் இல்லாத தனி ரெக்கார்டர் வேணும். யார் கேட்பாங்க, எந்தத் தேதியில அழிப்போம்னு முன்னாடியே சொல்லணும். நடுவுல எப்ப வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம்னும் சொல்லணும். அழிக்கிறதுன்னா குப்பைத்தொட்டி ஃபோல்டர் வரைக்கும் போய் அழிக்கணும். ரெக்கார்டர் வாங்க காசில்லைன்னு பயிற்சி நடத்தறவங்க சொன்னா, நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கிக்கலாம். போனை நம்பறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்த வாரம் நடந்ததை அந்த அக்காகிட்ட மறைக்காம சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. நானும் வாயைத் திறக்கலை, முதல் தடவையா. அப்புறம் சொன்னாங்க: "அழிச்சிடுங்க தம்பி. அடுத்த வாரமும் வரேன். ஆனா அந்த போன் வெளியே இருக்கட்டும்."

இப்ப போன் வெளியே செருப்பு ஸ்டாண்ட் மேலதான் இருக்கு.

டிஸ்கி: அந்த அக்காவைக் கேட்டுட்டுதான் எழுதறேன். அடையாளம் தெரியாத மாதிரி மாத்தியிருக்கேன். அவங்க பிரச்சனை என்னன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க.