பெரிய ஸிலிண்டர் வேண்டுமா, ஸார்?

வாடகைக்குச் சைக்கிள் எடுக்கப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? பிரேக் பிடிக்கிறதா, பெல் அடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே ஏறுகிறோம்? வழியில் காற்று இறங்கிப் போனாலும் குடி முழுகிவிடாது. தள்ளிக்கொண்டே வீடு வந்து சேரலாம். சமுத்திரத்துக்கு அடியில் முப்பது மீட்டர் ஆழத்தில், வாடகைக்கு வாங்கிய காற்று தீர்ந்துவிட்டால் அப்படித் தள்ளிக்கொண்டு வர முடியுமா?

"காற்றைக்கூடவா வாடகைக்கு விடுகிறார்கள்!" என்று சிரிக்காதீர்கள். எகிப்து தேசத்தில் ஷார்ம் எல் ஷேக் என்று ஒரு செங்கடல் பட்டணம் இருக்கிறது. படகில் ஏறினால் ஸ்கூபா ஸிலிண்டர் தருகிறார்கள். சாதாரணமாகக் கிடைப்பது 12 லிட்டர். கொஞ்சம் அதிகப் பணம் கொடுத்தால் 15 லிட்டர். "பெரிய ஸிலிண்டர் வேண்டுமா, ஸார்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்த வாரத்து விஷயம். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் வளைகுடா நாடுகளில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் கடலுக்குள் குதிக்கிற காலமல்லவா இது?

அங்கே எல்லோரும் பார்க்க ஆசைப்படுவது 'திஸில்கார்ம்' என்ற கப்பலை. 1940-ல் இங்கிலாந்தில் கட்டிய சரக்குக் கப்பல் அது. யுத்த காலத்தில் மத்தியதரைக் கடல் வழி அபாயமாக இருந்ததால், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எகிப்துக்குச் சாமான் எடுத்துப் போயிற்று. சூயஸுக்குள் நுழைய உத்தரவு வரட்டும் என்று நங்கூரம் பாய்ச்சிக் காத்திருந்தபோது, 1941 அக்டோபர் 6-ந் தேதி இரவில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. கப்பலிலிருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்தது. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். பிற்பாடு 1950-களில் பிரெஞ்சுக்காரரான குஸ்டோ அந்தக் கப்பலைக் கண்டு சினிமாவும் பிடித்தார்.

இன்றைக்கும் அதன் வயிற்றுக்குள் லாரிகள் நிற்கின்றன. லாரிகளின் மேல் மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்து நிற்கின்றன. ரப்பர் பூட்ஸுகளும் துப்பாக்கிகளும் கிடக்கின்றன. வெடித்த வேகத்தில் தூக்கி எறியப்பட்ட ரயில் எஞ்சின் ஒன்று பக்கத்தில் மணலில் நிற்கிறது! இத்தனையையும் பார்க்க வேண்டுமென்றால் நேரம் வேண்டும். நேரம் வேண்டுமென்றால் காற்று வேண்டும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், பால்காரன் கணக்கைவிடச் சுலபமானது.

12 லிட்டர் ஸிலிண்டரில் 200 'பார்' அழுத்தத்தில் காற்றை அடைத்தால், உள்ளே இருப்பது சுமார் 2,400 லிட்டர் காற்று. 15 லிட்டரில் 3,000. கரையில் நிதானமாக நீந்துகிறவர் நிமிஷத்துக்குச் சுமார் 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. முப்பது மீட்டரில் நாலு மடங்கு. மூச்சு என்னவோ அதே மூச்சுத்தான். ஆனால் செலவாகும் காற்று நிமிஷத்துக்கு 80 லிட்டர்!

மேலே ஏறி வரவும் ஆபத்துக்கு உதவவும் 50 பார் காற்றைத் தொடாமல் வைக்க வேண்டும். அதைக் கழித்தால் சின்ன ஸிலிண்டர் கடலடியில் சுமார் 22 நிமிஷம் வரும். பெரியது 28 நிமிஷம். ஆறு நிமிஷந்தானே லாபம் என்று தோன்றுகிறதா? பயந்து போய் மூச்சு வாங்குகிற சமயத்தில் ஆறு நிமிஷம் என்பது ஒரு ஜன்மம்.

இந்த இடத்தில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆழத்தில் இருக்க இருக்க, காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து ஏறுகிறது. அளவு மீறினால், மேலே வரும்போது சோடாப் புட்டியைத் திறந்த மாதிரி இரத்தத்தில் குமிழி விடும். கை கால் முடங்கலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். பிரபலமான ஒரு அட்டவணை 30 மீட்டர் ஆழத்துக்கு 20 நிமிஷந்தான் அனுமதிக்கிறது. சின்ன ஸிலிண்டர் ஏறக்குறைய அதே நேரத்தில் தீர்ந்து, "போதும், கிளம்பு!" என்று சொல்லிவிடுகிறது. சம்பளமில்லாத காவல்காரன் என்றே அதைச் சொல்லலாம். பெரிய ஸிலிண்டரை வாங்கியவுடன் அந்தக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். காற்று மிச்சம் இருக்கிறது, காலம் மிச்சம் இல்லை. ஆகவே கையில் கட்டிய கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டுமே தவிர, மிஞ்சியிருக்கும் காற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது. மிஞ்சிய காற்று முதலுக்குப் பாதுகாப்பு, செலவுக்கு அல்ல.

கப்பலின் உள்ளே நுழைவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கும் பழைய விதி ஒன்று உண்டு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு. ஒரு பங்கு திரும்புவதற்கு. ஒரு பங்கு தமக்கோ கூட வந்தவருக்கோ ஆபத்து நேர்ந்தால் உதவுவதற்கு. நம் பாட்டிமார்கள் அரிசிப் பானையில் கடைப்பிடித்த விதியும் ஏறக்குறைய இதுதான்!

சரி, வாங்குவது என்று தீர்மானித்தாயிற்று. எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில், படகு கிளம்புமுன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். சூடாக இருக்கையில் 200 காட்டிய ஸிலிண்டர், ஆறிய பிறகு அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். கழுத்தருகில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படியுங்கள். பல நாடுகளில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை கட்டாயம். திறந்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை அடித்தால் அது எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம். வாய் திருகும் ரகமா, கவ்வி மாட்டும் ரகமா, உங்கள் கருவிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இதை நடுக்கடலில் கேட்டுப் பயனில்லை.

பிறகு எடை. பெரிய ஸிலிண்டர் அநேகமாக உருக்கு. சின்னது அநேகமாக அலுமினியம். அலுமினியம் காற்றுக் குறையக் குறைய மிதக்கப் பார்க்கும். உருக்கு அவ்வளவு மிதக்காது. ஆகவே இடுப்பில் கட்டும் ஈயத்தைக் குறைத்துக்கொண்டு, ஆழமில்லாத இடத்தில் சரிபார்த்த பிறகே ஆழத்துக்கு இறங்க வேண்டும்.

கடைசியாக, பெரியது யாருக்கு? கடலில் தனியாகப் போவதில்லை, ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் காற்று குறைந்தால் இருவரும் மேலே வர வேண்டும். பெரும்பாலும் ஆஜானுபாகுவான கணவருக்குத்தான் காற்று சீக்கிரம் தீரும். மனைவி பாதிக் காற்றை வைத்துக்கொண்டு நிதானமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள். "எனக்கென்ன பெரிய ஸிலிண்டர்?" என்று மீசையை முறுக்குகிறவர்தான் அதை அவசியம் வாங்க வேண்டியவர்! கௌரவத்துக்காகச் சின்னதை எடுத்தால், நஷ்டம் கூட வந்தவளுக்கு.

எல்லாக் கப்பலுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. 1942 ஏப்ரல் 9-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், இலங்கையில் நம் மட்டக்களப்புக்கு அப்பால் ஐம்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்காகக் குளிப்பவர்களின் எல்லை நாற்பது மீட்டர். அங்கே ஸிலிண்டரைப் பெரிதாக்கிப் பயனில்லை. படிப்பைத்தான் பெரிதாக்க வேண்டும்.

ஆகவே நேயர்களே, உங்கள் பிள்ளை கடலுக்குப் போகிறேன் என்று டெலிபோன் செய்தால், "ஜாக்கிரதையாகப் போய் வா" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "உன் ஸிலிண்டர் எத்தனை லிட்டர்? கூட வருகிறவருக்கு எத்தனை? எத்தனை நிமிஷத்தில் திரும்புவாய்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தடுமாறாமல் வந்தால், நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.