கத்திரி வெயிலில் கொதிக்குதா கேமிங் லேப்டாப்? ஐஸ் மட்டும் வெச்சிடாதீங்க!

மே மாத மதியம், மணி மூன்று. விழுப்புரத்தில் ஒரு மாடி வீடு. சீலிங் ஃபேன் அனலைத்தான் இறக்குகிறது. கட்டில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து மகன் கேம் ஆடுகிறான்.

"டேய், தோசைக்கல் மாதிரி கொதிக்குதுடா... ஆஃப் பண்ணு!"

"ஒரே ஒரு மேட்ச்மா!"

விழுப்புரம் தொடங்கி திண்டிவனம் வரை கோடையில் பல வீடுகளில் கேட்கும் வசனம்தான் இது. விளையாட்டு மட்டும் என்றால் விட்டுவிடலாம். இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு புராஜெக்ட், கோடிங் எல்லாமே தவணையில் வாங்கிய அந்த ஒரே லேப்டாப்பில்தான்.

ஏன் இவ்வளவு சூடு?

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் மின்சாரம் எடுக்கும். கேமிங் லேப்டாப்புகள் பலவற்றின் அடாப்டர் 180 முதல் 240 வாட் வரை. எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்க வெப்பமாகத்தான் மாறுகிறது. அது வெளியேற இருப்பதோ இரண்டு சின்ன ஃபேன்கள்.

பெரும்பாலான லேப்டாப்புகள் அறை வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகின்றன. நம் ஊர் கோடையில் மதிய அறை அதைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு நெடுஞ்சாலைப் புழுதி ஃபேன் இடுக்கில் அடைத்துக்கொள்ளும்.

பிராசஸர் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் சீராக ஓடிய கேம், பிறகு திக்கித் திக்கி ஓடுகிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதிக்குப் போனால் கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

காசு செலவில்லாத வழிகள்

* மெத்தை, தலையணை, மடி வேண்டாம். மேசைமேல் வைத்து, பின்பக்கம் இரண்டு புத்தகம் கொடுத்துத் தூக்குங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மறைக்கக் கூடாது.

* கேம் செட்டிங்ஸில் எஃப்.பி.எஸ் அளவை 60-க்குக் கட்டுப்படுத்துங்கள். 144-ல் ஓட்டும்போது இருக்கும் சூடு கணிசமாகக் குறையும்.

* பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' இருந்தால் 100-ஐ 99 ஆக்கிப் பாருங்கள். பல லேப்டாப்புகளில் டர்போ வேகம் நின்று சூடு இறங்கும்.

* எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப் என்றால், சார்ஜ் 80 சதவிகிதத்தோடு நிற்கும்படி வைக்கலாம். பல கம்பெனிகளின் ஆப்பிலேயே இந்த வசதி உண்டு.

* கனமான கேமை விடியற்காலைக்கோ இரவுக்கோ தள்ளிப்போடுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்கவில்லையா? உள்ளே தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டியிருக்கும். வாரன்டி இருந்தால் நீங்களே திறக்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள்.

இதைச் செய்யவே செய்யாதீங்க!

ஐஸ் பாக்கெட், ஈரத்துணி, ஃப்ரிட்ஜ் மூன்றும் ஆபத்து. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல லேப்டாப்புக்குள்ளும் நீர்த்துளி கோக்கும். போர்டு ஷார்ட் ஆகிவிடும். வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அதில் உருவாகும் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுத்துவிடலாம்.

டச்பேட் தூக்கிக்கொண்டால்...

டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பாகம் உப்பியிருந்தாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். உடனே ஆஃப் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. 'இன்னும் ஒரு மேட்ச்' பேச்சுக்கே இடமில்லை, நேராக சர்வீஸ் சென்டர்தான். 2006-ல் தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக, சோனி தயாரித்த சுமார் 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளை டெல் நிறுவனம் திரும்பப் பெற்றது. அது தயாரிப்புக் குறை என்றாலும், லித்தியம் பேட்டரியோடு விளையாடக் கூடாது என்பதற்கு அது போதுமான பாடம்.

இன்று மாலையே லேப்டாப்பை மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள். மேட்ச்சும் முடியும், அம்மாவின் திட்டும் குறையும்!