அம்மாவின் மஞ்சள் முகம்

சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து அம்மாவை ஆங் மோ கியோ வீட்டுக்கு அழைத்து வந்தேன். மின்தூக்கியில் எதிர்வீட்டு அக்கா, "என்னம்மா, மஞ்சள் பூசிக் குளிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டார். அம்மா சிரித்தார். "கண்ணைப் படம் பிடிக்க ஊசி போட்டாங்கம்மா. அதான் இந்த நிறம்."

அந்த ஊசியில் இருந்தது ஃபுளோரசீன் என்ற ஒளிரும் சாயம். ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் 1871ல் உருவாக்கியது. நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சை ஒளியாகத் திருப்பித் தரும். கை நரம்பில் செலுத்திய சில வினாடிகளிலேயே விழித்திரையின் ரத்தக் குழாய்களை எட்டிவிடும். அப்போது நீல ஒளி பாய்ச்சிப் படமெடுத்தால், நல்ல குழாய்கள் கோடுகளாக ஒளிரும். கசிவு இருந்தால் சாயம் வெளியே பரவித் திட்டாகத் தெரியும்.

இந்த முறையை 1961ல் உலகுக்கு அறிவித்தவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ மாணவர்கள்!

ஒளிரும் சாயங்கள் நமக்குப் புதியவை அல்ல. கொவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த பிசிஆர் பரிசோதனையில் கிருமி இருப்பதைக் காட்டிக்கொடுத்ததும் இத்தகைய சாயங்கள்தான். கைப்பேசியின் ஓஎல்இடி திரையில் மின்சாரம் பட்டு ஒளிர்பவையும் இவற்றுக்கு உறவான கரிமப் பொருள்களே.

அம்மாவின் படத்தில் இரண்டு திட்டுகள். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்குடி பரிசோதனை?" என்று இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டார். வானொலியில் நேயர்களுக்கு நலக்குறிப்பு வாசிக்கும் நானும் வற்புறுத்தவில்லை. பார்வை மங்கும்வரை இந்த நோய் வலிக்காது, உறுத்தாது. அதுதான் ஆபத்து.

2010 தேசிய சுகாதார ஆய்வின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் அப்போது நாம்தான் முதலிடம். பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல.

ஊசிக்குப் பயந்து யாரும் ஒதுங்க வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் எடுப்பது வெறும் விழித்திரைப் படம். ஊசியே கிடையாது. அதில் சந்தேகம் எழுந்து, மருத்துவர் தேவை என்று சொன்னால்தான் சாயம். சிலருக்குக் குமட்டல் வரலாம். ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோலின் மஞ்சள் சில மணி நேரத்தில் மறையும். சிறுநீர் ஒருநாள் போல மஞ்சளாகப் போகும்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் லேசர் சிகிச்சை. இருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம் என்கிறார் மருத்துவர்.

உங்கள் வீட்டிலும் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் இருப்பார். "கண்ணைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள்?" என்று இன்றே கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால், நீங்களே நாள் குறித்துக் கூட்டிப் போங்கள்.