கால் கிலோ இரும்பில் கஞ்சத்தனமா?

விக்ரோலியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நம்மவர்களிடம் டிரெய்லர்க்காரர் கேட்பது சின்ன வேலைதான். காடு மேடு ஏறும் ஜீப்பைக் கட்டிக்கொண்டு போக நான்கு பிராக்கெட். அரை மணியில் முடித்துத் தர வேண்டுமாம். கூலியிலும் பேரம்!

அந்த நான்கும் எதைத் தாங்குகின்றன? ஜீப்பின் எடை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கண்டாலா காட் இறக்கத்தில் திடீரெனப் பிரேக் போட்டால் ஜீப் முன்னே பாயும். எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதாவது 1,360 கிலோ. அந்த நேரத்தில் முன்பக்கத்துச் சங்கிலிகள் தளர்ந்துவிடும். பின்னால் உள்ள இரண்டு பிராக்கெட்டும்தான் பிடிக்க வேண்டும். சங்கிலி சாய்வாக நிற்பதால் இழுப்பு இன்னும் கூடும். பிய்ந்தால் ஜீப் ஏறுவது இழுத்துப் போகும் வண்டியின் முதுகில். உள்ளே டிரைவர் இருக்கிறார்.

ஆகவே, தரைத் தகட்டின் மேல் பிராக்கெட்டை ஒட்டவைப்பது வேலையே அல்ல. மெல்லிய தகடு கிழிந்து கூடவே வரும். அடியிலுள்ள சட்டத்தில்தான் வைக்க வேண்டும். பெயின்டும் துருவும் போகக் கிரைண்டர் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே ராடு பிடிக்க வேண்டும். (நாகப் பூச்சு என்றால் அதையும் தேய்த்து எடுத்தாக வேண்டும், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.) நாலு புள்ளி வைத்துச் சாயம் பூசினால் பார்வைக்கு அழகு, அவ்வளவே. சுற்றிலும் முழு வெல்டிங் வேண்டும். கசடைத் தட்டிப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும்.

இதற்கு அரை நாள் ஆகும். அரை நாள் கூலியைக் கேளுங்கள். தர மறுப்பவர் வேறு பட்டறை பார்க்கட்டும். ஆனால் தகட்டில் ஒட்டித் தர நம் பட்டறைகளில் ஒருவரும் இசையக் கூடாது.